சொல்லாமல் செய்த வேலைகள்

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடியிருந்த பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கணினி நிரல் எழுதுகிறவர்கள், ஒரு ஸ்கிரிப்ட் மொழியை விட்டு இன்னொரு ஸ்கிரிப்ட் மொழிக்கு மாறுகிற சந்தர்ப்பத்தில் எவற்றையெல்லாம் கருத வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். இதை மென்பொருள் அலுவலகங்கள் நிறைந்த தரமணியிலும் சிறுசேரியிலும் பேசலாமே, இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கிற கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும், டயர் செய்கிற தேர்வாய்க் கண்டிகையிலும், சிறுதொழில்கள் நிறைந்த காக்களூரிலும் இதற்கென்ன பிரயோஜனம் என்று சிலர் எண்ணக்கூடும். மென்பொருள் அலுவலகத்தில் ஒரு நிரல் பிழைபட்டால் பெரும்பாலும் திரையில் ஒரு பக்கம் திறக்காமற் போகும், அதைத் திருத்திக்கொள்ளலாம். இங்கேயோ, உலையின் வெப்பத்தைப் பதிவு செய்வதும், எடைமேடையில் ஏறிய லாரியின் நிகர எடையைக் கணக்கிடுவதும், இரவு ஷிப்டில் வேலை செய்தவருடைய மணிக்கணக்கை எந்தத் தேதியில் சேர்ப்பது என்று தீர்மானிப்பதும், எவரோ எந்தக் காலத்திலோ எழுதி வைத்துவிட்டுப் போன சிறு நிரல்கள்தாம். அவை பிழைபட்டால் பணமும், சரக்கும், ஒரு மனிதனுடைய கூலியும் பிழைபடுகின்றன. ஆகவே இந்தப் பிரதேசத்தில் பேசுவதே இந்த விஷயத்துக்கு மிகவும் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

முதலில், ஸ்கிரிப்ட் மொழி என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சி, சி++ போன்ற மொழிகளில் எழுதியதை யந்திரம் நேரடியாக நிறைவேற்றக்கூடிய வடிவத்துக்கு முன்கூட்டியே மாற்றிவிட்டுப் பிறகுதான் ஓட்டுகிறோம். பெர்ல், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், விபிஸ்கிரிப்ட் முதலியவற்றிலோ, எழுதிய நிரலை அப்படியே கொடுத்துவிட்டால், மொழிபெயர்ப்பான் ஒன்று அதை அப்போதைக்கப்போது படித்துக் காரியத்தை நடத்துகிறது. பெரிய மென்பொருள்களை இணைப்பதற்கும், ஒன்றின் வெளியீட்டை எடுத்து மற்றொன்றுக்கு ஊட்டுவதற்கும், தினசரி அறிக்கை தயாரிப்பதற்கும், கண்ட்ரோல் ரூமில் ஆபரேட்டர் பார்க்கிற திரைக்குப் பின்னாலிருந்து சிறு சிறு வேலைகளைச் செய்வதற்கும் இவையே சௌகரியமானவை. எழுத எளிது, திருத்த எளிது. ஆதலால் கூடிப் பேசித் திட்டமிட்டு எழுதப்படுவதைக் காட்டிலும், அவசரத்தில் ஒருவர் எழுதி, பிறகு பத்துப் பேர் ஆளுக்கு இரண்டு வரி சேர்த்து வளர்ந்தவையே இவற்றுள் அதிகம்.

இப்படி வளர்ந்த நிரல்களை ஏன் மாற்ற வேண்டியிருக்கிறது என்று கேட்டால், மாறுகிறவரின் ஆசையைவிட, அவர் நம்பியிருந்த மொழிக்கு நேர்ந்த கதியே பெரும்பாலும் காரணமாயிருக்கிறது. மொழியியல் பயின்றவரான லாரி வால் 1987-இல் வெளியிட்ட பெர்ல், 1994-இல் ஐந்தாம் பதிப்பாகி, அடுத்த ஆண்டே சிபான் என்கிற பொதுக் களஞ்சியத்தையும் பெற்று, தொண்ணூறுகளில் வலைத்தளங்களின் பின்புலமாகவும், மனித மரபணு வரிசையை ஆராய்ந்தவர்களின் கைக்கருவியாகவும் விளங்கியது. ஆறாம் பதிப்பு வரப்போகிறது என்று 2000-இல் அறிவித்தார்கள். அது வந்து சேர்ந்தது 2015-ஆம் ஆண்டின் இறுதியில். வந்த பிறகும் அது பழைய பெர்லிலிருந்து முற்றிலும் வேறுபட்டதாகவே இருந்தபடியால், 2019-இல் ராகு என்ற தனிப் பெயரைப் பெற்றுப் பிரிந்தது. அந்தப் பதினைந்து வருஷக் காத்திருப்பில் புதிதாக எழுத வந்தவர்களில் பெரும்பாலோர் பைத்தானின் பக்கம் போய்விட்டார்கள். அந்தப் பைத்தானோ, 1613-இல் நம் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களின் நாட்டிலிருந்து, ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆராய்ச்சி நிலையமொன்றில் கீடோ வான் ராசம் என்பவரால் 1989-ஆம் ஆண்டின் கடைசியில் தொடங்கப்பட்டு, 1991-இல் உலகுக்கு வந்தது.

உங்களில் கண்ட்ரோல் ரூமில் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட அண்மையான உதாரணம் ஒன்று உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட விபிஸ்கிரிப்ட், ஸ்காடா என்று நாம் சொல்லும் கண்காணிப்புத் திரைகளில் நெடுங்காலம் குடியிருந்தது. அதை இனி வளர்ப்பதில்லை என்று 2023 அக்டோபரில் அந்நிறுவனமே அறிவித்துவிட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அது தேவைக்கேற்ற உபரி அங்கமாக மாற்றப்பட்டது; 2027-ஐ ஒட்டி, தானாக இயங்காதபடி நிறுத்திவைக்கப்படும்; அதன் பிறகு அடியோடு நீக்கப்படும் என்பது அவர்கள் வெளியிட்ட திட்டம். சீமென்ஸ் நிறுவனத்தின் வின்சிசி மென்பொருளில் வழிவழியாக விபிஸ்கிரிப்ட் வழங்கிவந்தது. அதன் புதிய அவதாரமான வின்சிசி யூனிஃபைடில் அந்த இடத்தை ஜாவாஸ்கிரிப்ட் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே, ஆலையில் புதிய திரை பொருத்தப்படுகிற தினத்தில், பழைய திரைக்குப் பின்னால் இருந்த நூற்றுக்கணக்கான வரிகளை எவராவது ஒருவர் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டுபோய்த்தான் தீரவேண்டும்.

இந்த வேலையைப் பற்றிச் சாதாரணமாக நிலவுகிற எண்ணம், இது ஒரு மொழிபெயர்ப்பு வேலை என்பது. அதிலும் இந்த எல்லைப்புறத்து மக்களுக்கு அந்த எண்ணம் எளிதில் தோன்றக்கூடியதே. 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்த வரலாற்றை உடைய இந்த மாவட்டத்தில், ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தெலுங்கு நாடு. வீட்டில் ஒரு மொழியும் கடைத்தெருவில் ஒரு மொழியுமாக வாழ்கிறவர்கள் இங்கே ஏராளம். ஆனால் மனிதர்களின் மொழியில், கேட்கிறவருக்கு ஊகிக்கும் புத்தி உண்டு; நாம் அரைகுறையாகச் சொன்னாலும் அவர் நிரப்பிக்கொள்கிறார். யந்திரத்துக்கு அந்தப் புத்தி இல்லை. ஊகம் என்று ஏதேனும் இருந்தால், அந்த மொழியை ஆக்கியவர் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்ட விதியாகத்தான் அது இருக்கும். அந்த விதிகள் மொழிக்கு மொழி வேறு. ஆகவே நிரலில் கண்ணுக்குத் தெரிகிற வரிகளை எவ்வளவு ஒழுங்காகப் பெயர்த்தாலும், பழைய மொழி அந்த வரிகளுக்கு நடுவே வாய் திறவாமல் செய்துவந்த வேலைகள் அப்படியே விட்டுப்போகின்றன. புதிய மொழியில் அவற்றை நாம் வாய் திறந்து சொல்லிச் செய்ய வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். இனி வருவனவெல்லாம் அதற்கு உதாரணங்கள்.

எடைமேடையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இரும்பை ஏற்றிக்கொண்டு வருகிற லாரி உள்ளே வருகையில் சரக்கோடும், வெளியே போகையில் காலியாகவும் நிறுக்கப்படுகிறது. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் நிகர எடை. ஏதோ காரணத்தால் இரண்டாவது நிறுப்பு நடக்காமல், அந்தக் கட்டம் காலியாக விடப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பெர்ல் மொழி காலியிடத்தைப் பூஜ்யமாகக் கொண்டு கழித்துவிடும். லாரியின் சொந்தக் கனமும் சரக்கின் கனமாகிவிடும். ஒருவர் எண்ணோடு சேர்த்து 'டன்' என்று எழுதியிருந்தாலும், முன்னிருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அது விட்டுவிடும். எச்சரிக்கை கேட்டிருந்தால் ஒரு வரி எச்சரிக்கும், அவ்வளவுதான். பைத்தானோ, காலியிடத்தை எண்ணாக்கச் சொன்னால் மறுத்து, பிழை என்று அறிவித்து, அந்த இடத்திலேயே நின்றுவிடும். பெர்ல் அந்தக் காலத்து மிட்டா மிராசுகளில் இருந்த கணக்குப்பிள்ளையைப் போன்றது. சீட்டில் குறை இருந்தாலும் எஜமானரைத் தொந்தரவு செய்யாமல் தன் வழக்கப்படி சரிக்கட்டிப் பேரேட்டை முடித்துவிடும். பைத்தான் தணிக்கை அதிகாரியைப் போன்றது. ஒரு சீட்டு குறைந்தாலும் கட்டை அப்படியே திருப்பி அனுப்பிவிடும்.

இவ்விரண்டில் எது உயர்ந்தது என்ற விவாதம் வீண். கவனிக்க வேண்டியது வேறொன்று. பழைய நிரலை எழுதியவருக்கு அந்த மொழியின் சுபாவம் தெரியும். ஆகவே அவர், நிகர எடை ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேற்போனால் அதைத் தனியே ஒதுக்கி வைக்கும்படி கீழே ஒரு வரி சேர்த்திருப்பார். புதிதாக வந்த இளைஞர் அதைப் பார்த்து, இவ்வளவு பாரத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற சாலை விதியாக இருக்கும், நமக்கு எதற்கு என்று நீக்கிவிடுவார். அல்லது காரணம் தெரியாமலே அப்படியே பெயர்த்து எழுதிவிடுவார். நீக்கினால் மட்டுமா கெடுதல்? பெயர்த்தாலும் பயனில்லை, ஏனென்றால், பைத்தானில் காலிக் கட்டம் வந்ததுமே நிரல் நின்றுபோகிறது, அந்த வரியை எட்டவே எட்டாது. அறிக்கை வராமலிருப்பதை மறுநாள் காலையில்தான் கண்டுபிடிப்பார்கள். அந்த வரி காலியிடத்துக்காக எழுதப்பட்டது என்பதை அறிந்தவர் மட்டுமே, காலியிடம் வந்தால் இன்னது செய் என்று புதிய மொழியில் வெளிப்படையாக எழுத முடியும்.

விபிஸ்கிரிப்டிலிருந்து ஜாவாஸ்கிரிப்டுக்குப் போகிறவர்களுக்குக் காத்திருக்கும் சிரமங்கள் இதைவிட நுட்பமானவை. பழையதில் பெரிய எழுத்து சிறிய எழுத்து பேதமில்லை, புதியதில் உண்டு. பழையதில் எழுத்துருவில் இருக்கும் 5-ஐயும் எண்ணாக இருக்கும் 3-ஐயும் + குறியால் சேர்த்தால் 8 வரும். புதியதில் 53 என்ற எழுத்துத்தொடர் வரும். மாதத்தைக் கேட்டால் பழையது ஜனவரியை 1 என்று சொல்லும். புதியது 0 என்று சொல்லும். பழையதில் 'உண்மை' என்பதன் எண் மதிப்பு கழித்தல் 1. புதியதில் கூட்டல் 1. இந்தக் கடைசி வித்தியாசத்தைக் கேட்டுச் சிலர் சிரிக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்கள் எத்தனை என்று எண்ணுவதற்கு, ஒவ்வொரு மோட்டாரின் நிலையையும் மொத்தத்திலிருந்து கழித்துக்கொண்டே போகிற வழக்கம் பழைய மொழியில் சரியாக வேலை செய்யும். கழித்தலைக் கழித்தால் கூட்டல் அல்லவா? அதே வரியைப் புதிய மொழியில் எழுதினால், பத்து மோட்டார் ஓடும்போது திரையில் கழித்தல் பத்து என்று நிற்கும்.

இவ்வகைப் பிழைகள் பார்த்தவுடன் தெரிந்துவிடுவதால் இவற்றை நான் அனுகூலமான பிழைகள் என்பேன். எண்ணைச் சுருக்குவதில் வருகிற பிழை அப்படிப்பட்டதன்று. விபிஸ்கிரிப்டில் இரண்டரையை அருகிலுள்ள முழு எண்ணாக்கினால் 2. மூன்றரையை ஆக்கினால் 4. பாதி வந்தால் அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போவது அதன் சம்பிரதாயம். பைத்தானின் மூன்றாம் பதிப்பிலும் அதுவே விதி. ஜாவாஸ்கிரிப்டோ இரண்டரையை 3 ஆக்கும். எக்செல் அட்டவணையில் உள்ள சூத்திரமும் 3 என்றே சொல்லும்; அதே எக்செலுக்குள் இருக்கிற விபிஏ மேக்ரோவைக் கேட்டால் 2 என்று சொல்லும். ஒரே மேஜையில் ஒரே கணினியில் ஒரே எண்ணுக்கு இரண்டு விடைகள்! ஒரு லாரிக்கு அரை அலகு என்பது அற்பம். மாதம் முழுதும் வருகிற லாரிகளுக்கும், ஒரே பக்கமாகவே சாய்கிற அரை அலகுகளுக்கும் கணக்குப் போட்டால், ஸ்டோர்சுக்கும் பில்லிங் பிரிவுக்கும் ஒத்துவராத மொத்தம் கிடைக்கும். யாரும் திருடவில்லை, யாரும் தவறாக எழுதவில்லை, ஆயினும் கணக்கு உதைக்கும்.

இன்னொரு வகை உண்டு. அது மொழி சொல்லாமல் செய்ததன்று, நிரலை எழுதியவர் சொல்லாமல் செய்தது. இங்குள்ள ஆலைகளில் மூன்றாவது ஷிப்டு இரவு பத்து மணிக்குத் தொடங்கிக் காலை ஆறு மணிக்கு முடிகிற வழக்கம் உண்டு. நள்ளிரவுக்குப் பின் உருக்கிய ஹீட், அதாவது உலையின் ஒரு வார்ப்பு, எந்தத் தேதியின் உற்பத்தி? காலண்டரைக் கேட்டால் மறுநாளுடையது. ஆலையைக் கேட்டால் முந்தைய நாளுடையது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 57-ஆம் பிரிவில், நள்ளிரவைத் தாண்டி நீளும் ஷிப்டில் ஒருவர் நள்ளிரவுக்குப் பின் வேலை செய்த மணிகளை முந்தைய நாளின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும் என்று விதித்தது. இதை நிரலில் எழுதுகிற எளிய வழி, நேரத்திலிருந்து ஆறு மணியைக் கழித்துவிட்டுப் பிறகு தேதியைப் பார்ப்பது. ஒரே ஒரு வரி. விளக்கக் குறிப்பு எதுவும் இராது. மொழி மாற்ற வருகிறவர், சர்வதேச நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் ஐந்தரை மணி வித்தியாசம் அல்லவா, யாரோ தவறாக ஆறு என்று எழுதிவிட்டார் போலும் என்று நினைத்து, வெகு சிரத்தையோடு அதை ஐந்தரையாகத் திருத்துவார்! அப்போது காலை ஐந்தரை மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே நிகழ்ந்ததெல்லாம் அடுத்த நாளுக்குப் போய்விடும். ஒரு தொழிலாளியின் கடைசி அரை மணி நேரம் வேறு தேதியில் விழுந்து, எட்டு மணி நேரம் நிறையாதவராக அவர் ஆக்கப்படுவார். சட்டமும், ஆலையின் மரபும், கூலியும் ஒரு சின்ன எண்ணுக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன. அதை அறிய எந்த மொழியின் கையேடும் உதவாது, அந்த ஆலையில் பல காலம் இருந்தவரைத்தான் கேட்டறிய வேண்டும்.

மொழி மாற்றத்தின் பெருங்கதை என்று உலகம் பேசுவது பைத்தானின் இரண்டாம் பதிப்பிலிருந்து மூன்றாம் பதிப்புக்கு நடந்த மாற்றமாகும். 2008 டிசம்பரில் மூன்றாம் பதிப்பு வந்தது. இரண்டாவதை 2015-இல் கைவிடுவதாகச் சொன்னவர்கள், மக்கள் மாறவில்லை என்று கண்டு 2020 ஜனவரி முதல் தேதி வரை கெடுவை நீட்டித்தார்கள். பெயர் மாறாத ஒரே மொழிக்குள் இடம்பெயர்வதற்குப் பதினோரு ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று என்றால், அதன் காரணத்தை ஆராய வேண்டாமா? ஏழை இரண்டால் வகுத்தால் பழையது 3 என்றது, புதியது 3.5 என்கிறது, ஒன்றுமில்லாத வெற்றிடத்தை ஓர் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது அனுமதித்தது, புதியது மறுக்கிறது. வரிகளைத் தானாகவே மாற்றித் தரும் கருவியையும் அவர்களே கொடுத்தார்கள். அந்தக் கருவி கண்ணுக்குத் தெரிந்த சொற்களை மாற்றிற்று. கண்ணுக்குத் தெரியாத விதிகளை மனிதர்கள்தாம் தேடி அலைய வேண்டியிருந்தது.

அந்த மாற்றத்தில் நம் தமிழுக்கு நேரான சம்பந்தம் ஒன்று உண்டு. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்றால், மூன்று என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்லும். பைத்தானின் இரண்டாம் பதிப்பில், யூடிஎஃப்-8 முறையில் அமைந்த அச்சொல்லின் நீளத்தைச் சாதாரணமாகக் கேட்டால் 15 என்று விடை வரும். அது எண்ணியது பைட்டுகளை. மூன்றாம் பதிப்பில் கேட்டால் 5 என்று வரும். அது எண்ணுவது யூனிகோடு குறியீடுகளை: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. பதினைந்திலிருந்து ஐந்துக்கு வந்தது முன்னேற்றமே. ஆயினும் மூன்றுக்கு வரவில்லை. எஞ்சிய அந்தத் தூரத்தைக் கடப்பதற்குத்தான் முத்து அண்ணாமலையும் அவருடைய தோழர்களும் ஓபன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தை ஆக்கி, தமிழ் எழுத்தைத் தமிழர் எண்ணுகிறபடி எண்ணுவதற்கு வழி செய்தார்கள். பைத்தானையே அடித்தளமாகக் கொண்டு எழில் என்ற தமிழ் நிரல்மொழியை அமைத்து, அதைப் பற்றி 2009-இல் கட்டுரை வெளியிட்டவரும் அவரே. ஆலையில் தொழிலாளியின் பெயரைத் தமிழில் அச்சிடுகிற வருகைப் பட்டியலுக்கும் இதில் பாடம் இருக்கிறது: பெயருக்குப் பதினைந்து இடம் என்று வெட்டி அச்சிடுகிற பழைய நிரல், பதினைந்து எவற்றை எண்ணுகிறது என்று தெரியாமல் மொழியை மாற்றினால், ஒருவருடைய பெயர் பாதியில் புள்ளியிழந்து நிற்கும்.

இங்கே வந்திருக்கும் மாணவர்கள் இந்த மாற்றத்தைத் தம்மை அறியாமலே ஒரு முறை செய்திருக்கிறார்கள். நம் மாநிலத்தில் 2018-லும் 2019-லும் வந்த புதிய பாடநூல்களின்படி, கணினி அறிவியல் மாணவர் பதினொன்றாம் வகுப்பில் சி++ படித்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானுக்கு வருகிறார். முன்பு மாறியின் இனத்தை முதலில் அறிவித்துவிட்டு எழுதினார். இப்போது அறிவிக்காமலே எழுதுகிறார். முன்பு அடைப்புக்குறிகளால் பகுதிகளைப் பிரித்தார். இப்போது வரியை உள்தள்ளிப் பிரிக்கிறார். இவற்றையெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். ஆனால் ஒரு பட்டியலில் கழித்தல் ஒன்றாவது இடத்தைக் கேட்டால், சி++ எல்லை மீறியதற்குப் பொறுப்பேற்காமல் என்ன வேண்டுமானாலும் நடக்கும் என்று விட்டுவிடுகிறது. பைத்தான் அமைதியாகக் கடைசி உறுப்பை எடுத்துக் கொடுக்கிறது. பிழையாக இருந்தது இங்கே பிரயோகமாகிவிட்டது. அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில், சி++ நிரலைப் பைத்தானிலிருந்து அழைத்துப் பயன்படுத்துவது எப்படி என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. பரீட்சைக்காகப் படித்து மறந்துவிடுகிறார்கள். பழையதைப் பெயர்க்காமல், அதன் இடத்திலேயே இருக்கவிட்டு, புதியதிலிருந்து அதை வேலை வாங்குவதும் கௌரவமான ஒரு வழிதான் என்கிற விவேகம் அந்த அத்தியாயத்தில் இருக்கிறது.

மாற்றம் எப்போதும் முன்னோக்கியே நடக்கும் என்றும் எண்ணவேண்டாம். இக்னிஷன் என்ற ஸ்காடா மென்பொருளில் வழங்குவது ஜைத்தான் 2.7, அதாவது பைத்தானின் இரண்டாம் பதிப்பு விதிகள். பள்ளியில் மூன்றாம் பதிப்பைப் படித்த பிள்ளை அத்தகைய ஆலைக்கு வேலைக்குப் போனால், ஏழை இரண்டால் வகுத்து 3 என்று வாங்கும் பழைய உலகத்துக்குத் திரும்பிப் போகவேண்டும். யந்திரங்களுக்கு ஆயுள் நீளம். அவற்றோடு வந்த மொழிகளுக்கும் அந்த நீள ஆயுள் கிடைத்துவிடுகிறது. ஆகவே தொழிற்பேட்டையில் வேலை செய்ய விரும்புகிறவர், புதியதைக் கற்பதோடு பழையதைப் படித்துப் பொருள் கொள்ளவும் பழக வேண்டும்.

இனி, இந்தக் காரியத்தைச் செய்கிற முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். முதலாவது, மொழியை மாற்றுகிற போதே நிரலைச் சீர்திருத்தவும் முற்படக்கூடாது. இரண்டையும் ஒருங்கே செய்தால், விடை வேறுபடும்போது அது மொழியால் வந்ததா, நம் சீர்திருத்தத்தால் வந்ததா என்று பிரித்தறிய முடியாமற் போகும். பழைய நிரலின் குறைகளையும் சேர்த்தே முதலில் கொண்டுபோக வேண்டும். அவற்றைக் களைவது அடுத்த கட்டம். இரண்டாவது, பழையதும் புதியதும் ஒரே உள்ளீட்டின் மேல் பக்கம் பக்கமாகச் சில காலம் ஓட வேண்டும். சாதாரண நாள்களில் ஒத்துப்போவது எதையும் நிரூபிக்காது. மாதக் கடைசி, வருஷக் கடைசி, பிப்ரவரி 29, மின்சாரம் போன நாள், பொங்கலுக்கு ஆலை மூடியிருந்த நாள், எடைமேடை பழுதாகிக் கையால் எழுதிய நாள் ஆகியவற்றின் பதிவுகளைத் தேடியெடுத்து இரண்டுக்கும் கொடுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, விடையில் கண்ட ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். வித்தியாசத்தைப் போக்கிவிடுவது எளிது. எங்கேயோ ஓர் ஒன்றைக் கூட்டினால் போய்விடும். அப்படிப் போக்கியவர் பழைய இருளுக்குள் புதிய இருளையும் சேர்த்துவிட்டுப் போகிறார்.

மாற வேண்டுமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். மொழியைப் பராமரிக்கிறவர்கள் கைவிட்டுவிட்டார்களா, பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்ய ஆளில்லையா, ஆலையில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாமற் போகப்போகிறாரா என்று பாருங்கள். இவற்றுள் ஒன்று உண்மையானால் மாறுங்கள், காலம் கடத்தாதீர்கள். பக்கத்து ஆலையில் மாறிவிட்டார்கள் என்பதற்காகவோ, புதியவர்களுக்கு அழகாகத் தோன்றுகிறது என்பதற்காகவோ மாறவேண்டாம். உலையை அவசரமாக நிறுத்துகிற, மனிதனின் கையைக் காப்பாற்றுகிற பாதுகாப்புத் தர்க்கம், யந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி என்ற கருவிக்குள்ளும் அதற்கென அமைந்த சாதனங்களுக்குள்ளும் இருக்கிறது. அதை எந்த ஸ்கிரிப்ட் மொழியிடமும் ஒப்படைக்கலாகாது. இது மொழியின் தரத்தைப் பற்றிய பேச்சன்று. எந்த வேலைக்கு எது என்கிற ஒழுங்கைப் பற்றியது.

துணையில்லாமல் இதையெல்லாம் ஒருவர் தனியாகச் செய்யவேண்டும் என்பதில்லை. நீலகிரியில் வாழ்ந்து, இந்தியப் பைத்தான் மென்பொருள் சங்கம் உருவாவதற்கும், 2009-இல் பெங்களூரில் முதல் பைகான் இந்தியா மாநாடு நடப்பதற்கும் முன்னின்று உழைத்து, 2012-இல் மறைந்த கென்னத் கொன்சால்வஸ் போன்றவர்களால் நம் நாட்டில் இந்தக் கலை கூடிக் கற்கும் கலையாக வளர்ந்தது. பத்தாண்டுகள் கழித்து 2019-இல் அந்த மாநாடு சென்னைக்கும் வந்தது. தமிழிலேயே படிக்க விரும்புகிறவர்களுக்குக் கணியம் இதழும் அதைச் சார்ந்தவர்கள் இலவசமாக வெளியிட்ட நூல்களும் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டியிலிருந்து புறநகர் ரயில் ஏறினால் எட்டக்கூடிய தூரத்தில்தான் இந்தக் கூட்டங்கள் பலவும் நடக்கின்றன.

நிறைவாக, ஆலை நிர்வாகிகளுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆலையில் ஓடுகிற நிரல்களில் காரணம் எழுதப்படாத வரிகளுக்குக் காரணம் தெரிந்தவர்கள் இன்னமும் உங்களிடையே இருக்கிறார்கள்: மெயின்டனன்ஸ் பிரிவின் மூத்த ஃபிட்டர், எடைமேடைக் குமாஸ்தா, ஷிப்டு இன்சார்ஜ். அவர்களில் பலர் ஓய்வு பெறுகிற வயதை நெருங்கிவிட்டார்கள். நிரலை அச்சிட்டு எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். இந்த ஆறு எதற்கு, இந்த அளவு ஏன், இந்தக் காலியிடம் எப்போது வரும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தமிழிலேயே வரிக்கு வரி பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் குறிப்பேடு நிறைந்த பிறகு எந்த மொழியில் எழுதுவது என்ற பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். இன்று நாம் புதியவை என்று கொண்டாடுகிற பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் ஒருநாள் பழையவையாகும். நாம் எழுதியதை வேறொருவர் வேறொரு மொழிக்குக் கொண்டுபோவார். அந்த முகம் தெரியாத மனிதருக்கு, நாம் சொல்லாமல் செய்தவை எதையும் மிச்சம் வைக்காமல் சொல்லிவிட்டுப் போவது நம் கடமை.